கிள்ளானில் பின்னிய கையுறை

விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். மாமா எடை பார்க்கும் மெஷினைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைப்பார். முதலில் வெறுங்கையோடு ஏறி நிற்பார். பிறகு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பார். கழித்துப் பார்த்தால் 27 கிலோ. டிக்கெட்டில் எழுதியிருப்பது 23.

அந்த நாலு கிலோவை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. முறுக்கு டப்பாவை எடுத்தால் பெரியம்மா முகம் வாடும். நெத்திலி சம்பல் பாட்டிலை எடுத்தால் அத்தை, "பரவால்ல, அங்க எல்லாம் கிடைக்கும்தானே" என்பார். அந்தப் 'பரவால்ல'வுக்குப் பரிகாரமே கிடையாது. கடைசியில் என் புத்தகங்களும் ஒரு ஜோடி காலணியும்தான் வெளியே வரும்.

ஒரு பொருளை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். அம்மா பின்னிய வெள்ளைக் கையுறை. ஐந்து விரலும் தனித்தனியாக, மணிக்கட்டில் சிவப்புக் கரையோடு. எடை என்று பார்த்தால் நூறு கிராம்கூட வராது.

"அங்க போட்டுக்கிறியா, கண்ணு?"

"போட்டுக்கிறேம்மா."

இந்தப் பொய்யை நான் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்ப்பது நார்வேயின் டிரொன்ட்ஹைம் நகரத்தில். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வளர்ந்த நமக்கு 63 டிகிரி வட அட்சம் என்பது வரைபடத்தில் விரல் வைத்துக்கூடப் பார்த்திராத இடம். டிசம்பர் கடைசியில் அங்கே அலுவலகங்கள் ஏறக்குறைய உறங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களுக்கு 'ரூம்யூல்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அதுதான் எனக்குக் கிள்ளானுக்குப் போய்வரும் காலம். தீபாவளிக்கு விடுப்பு கிடைப்பதில்லை. டிசம்பரில்தான் எனக்குத் தீபாவளி.

திரும்பி வருவது ஜனவரி முதல் வாரத்தில். 33 டிகிரி வெயிலில் கிளம்பி, ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாறி, வேர்னெஸ் விமான நிலையத்தில் இறங்கும்போது வெளியே மைனஸ் 11. அங்கிருந்து நகரத்துக்குப் போகும் ரயில் முதலில் நிற்கும் ஊரின் பெயர் ஹெல். ஆங்கிலத்தில் நரகம் என்று பொருள்படும் அந்தப் பலகையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். நார்வே மொழியில் அந்தச் சொல்லுக்கு 'நல்வாய்ப்பு' என்றும் பொருள் உண்டு. வீட்டை விட்டு வந்த முதல் மாலையில், பனி மூடிய நரகத்தைக் கடந்து போகும்போது இரண்டு பொருளுமே சரிதான் என்று தோன்றும்.

அந்த நாட்களில் பத்து மணிவாக்கில் விடிந்து, மூன்று மணிக்குள் இருட்டிவிடும்.

கையுறைக் கதைக்கு வருகிறேன். அப்பா இருந்தவரை அம்மாவின் கையில் எப்போதும் குரோஷா ஊசி இருக்கும். எங்கள் வீட்டு மேசை விரிப்பு, தொலைக்காட்சி மேல் விரிப்பு, சாமி மாடத்துத் திரை எல்லாம் அவர் கைவேலை. அப்பா போன பிறகு ஊசியைத் தொடவே இல்லை. விரல் மூட்டு வலி என்றார். வலி இருந்தது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கு நார்வேயில் வேலை கிடைத்ததும் தானாகவே டப்பாவைத் திறந்தார். யூடியூப்பில் பார்த்துப் பார்த்து, மேசை விரிப்புக்கு வைத்திருந்த அதே பருத்தி நூலில் விரல் விரலாகப் பின்னி முடித்தார். மூன்று மாதம் ஆயிற்று.

முதல் குளிர்காலத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். மைனஸ் 14. பேருந்து வரப் பத்து நிமிடம். பனி பட்டதும் பருத்தி நூல் நனைந்தது. நனைந்த பருத்தி கையைக் காக்காது. கையிலிருக்கும் சூட்டையும் வாங்கி வெளியே விட்டுவிடும். பின்னலின் கண்கள் வழியே காற்று வேறு. விரல் நுனிகள் முதலில் எரிந்தன, பிறகு மரத்தன. எரிச்சல் நின்றதும் பழகிவிட்டது என்று நினைத்தேன். பேருந்தில் ஏறிக் கழற்றிப் பார்த்தால் இரண்டு விரல் நுனி மெழுகுபோல வெளுத்திருந்தது. பதறிப்போய்த் தேய்க்க ஆரம்பித்தேன். பக்கத்து இருக்கை மூதாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, தேய்க்காதே என்று தலையசைத்து, கையை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லி நடித்துக் காட்டினார். இரத்தம் திரும்பி வரும்போது வலித்த வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. குளிர்நாட்டுக்குப் போகும் பிள்ளைகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வெளுத்துப்போன விரலைத் தேய்க்கக் கூடாது, உடம்புச் சூட்டிலேயே மெல்லச் சூடேற்ற வேண்டும்.

அன்றைக்கே அம்மாவின் கையுறை மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. அம்மா கேட்கும்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயே அதை மாட்டிக்கொண்டு, ஜன்னல் ஓரம் நின்று, வெளியே பனி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புவேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதயக் குறிகள் குவியும். ஒவ்வொரு டிசம்பரிலும் கையுறை என்னோடு ஊருக்குப் போகும். ஒவ்வொரு ஜனவரியிலும் பெட்டியில் ஏறித் திரும்பி வரும்.

இந்த ஆண்டு திரும்பி வந்த அடுத்த வாரம், என்னோடு வேலை பார்க்கும் நார்வேக்காரர் ஒருவர் தன் ஊருக்கு அழைத்தார். ஜனவரி 13 அங்கே கிறிஸ்துமஸின் இருபதாம் நாள். அலங்கார மரத்தை வெளியே போட்டு, பண்டிகையை முடித்து வைக்கும் நாள். நம் போகியை ஒட்டியே பழையது கழிக்கும் நாள் ஒன்று அங்கேயும் வருகிறதே என்று கிளம்பிவிட்டேன்.

ஊரின் பெயர் செல்பு. டிரொன்ட்ஹைமிலிருந்து தென்கிழக்கே, காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நீண்ட ஏரி ஒன்றை ஒட்டியே சாலை போகிறது. எங்கே ஏரி முடிந்து எங்கே வயல் தொடங்குகிறது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே வெள்ளை. மொத்தம் நாலாயிரம் பேர் சொச்சம்தான். ஆனால் பின்னல் தெரிந்த யாரிடமும் செல்பு என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். கறுப்பு வெள்ளையில் எட்டிதழ்ப் பூப்போட்ட கையுறையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அது இந்த ஊர்க்காரி. ஊராட்சியின் சின்னத்திலேயே அந்தப் பூதான் இருக்கிறது.

அதற்குப் பின்னால் இருப்பது ஒரு பதினாறு வயதுப் பெண். பெயர் மரித் குல்செத்; கல்யாணத்துக்குப் பிறகு மரித் எம்ஸ்டாட். பண்ணை வேலைக்கு இருந்த அவர் 1857-இல், இரண்டு நிற நூலில் இந்தப் பூவை வைத்து மூன்று ஜோடி கையுறை பின்னினாராம். தானும் சகோதரிகளும் அதைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போக, ஊர்ப் பெண்கள் எல்லாருடைய கண்ணும் அவர்கள் கை மேலேயே இருந்ததாம். அந்த எட்டிதழ்ப் பூ அவர் கண்டுபிடித்ததல்ல. பல நாடுகளின் பழைய துணிகளில் அது உண்டு. நம் வாசலில் புள்ளி வைத்துப் போடும் கோலத்தில்கூட அதன் தங்கையைக் காணலாம். அதைக் கையுறைக்குக் கொண்டுவந்ததுதான் மரித்தின் கெட்டிக்காரத்தனம்.

பிறகு அது ஊருக்கே சோறு போட்டது. செல்பு அதற்கு முன் மாவரைக்கும் திரிகைக் கல்லுக்குப் பேர்போன ஊர். நூற்றாண்டுக் கணக்காக மலையிலிருந்து கல் வெட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. ஆண்களின் கல் நின்றுபோன காலத்தில் பெண்களின் ஊசி கை கொடுத்தது. 1934-இல் ஊரிலேயே கைவினை மையம் ஒன்று ஏற்பட்டு, வீடுகளில் பின்னியதை வாங்கி விற்றது. கல்யாணத்துக்கும் கையுறைதான். மணப்பெண் வீட்டார் விருந்தினருக்குக் கையுறை கொடுக்கும் வழக்கம் இருந்ததால், பெண் பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே பின்னிப் பின்னிப் பெட்டி நிரப்பினார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது நண்பரின் பாட்டி. வயது 80-ஐத் தாண்டிவிட்டது. ஆங்கிலம் கொஞ்சம், நார்வே மொழி கொஞ்சம், மிச்சத்துக்குப் பேரன். சப்பாத்தி மாதிரியே இருக்கும் லெஃப்சேயில் வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவி மடித்துக் கொடுத்தார். பேசும்போதும் கை நிற்கவில்லை. பேரனுடைய பழைய கையுறையில் கட்டை விரல் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. அந்த விரலை மட்டும் பிரித்துவிட்டுப் புதிதாகப் பின்னிக்கொண்டிருந்தார். முதலில் தேய்வது எப்போதும் கட்டை விரல்தானாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பேரன் ஓட்டையோடு வருவார், விரலோடு திரும்புவார்.

செல்பு கையுறையில் நான்கு விரலுக்கும் ஒரே அறை. கட்டை விரலுக்கு மட்டும் தனி. அங்கே குழந்தைகள் மட்டுமல்ல, கடுங்குளிரில் பெரியவர்களும் அப்படித்தான் போடுகிறார்கள். காரணம் எளிது. விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் சூடு பங்கிடப்படும். தனித்தனி உறைக்குள் பிரித்து வைத்தால் ஒவ்வொரு விரலும் தன் குளிரைத் தானே தாங்க வேண்டும். பாட்டி ஒரு கையுறையை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். வெளியே கறுப்புப் பூ தெரியும் இடத்தில் வெள்ளை நூல் உள்ளே படுத்துக் கடந்து போகிறது. வெள்ளை தெரியும் இடத்தில் கறுப்பு. ஆக, கையுறை முழுக்க இரட்டை நூல், நடுவில் காற்று. அழகுக்கென்று போட்ட பூ என்று நினைத்திருந்தேன். அந்தப் பூதான் சூட்டையும் தருகிறது.

அப்போதுதான் என் கைப்பையிலிருந்து அம்மாவின் கையுறையை எடுத்துக் காட்டினேன். ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

பாட்டி கண்ணாடியை மாற்றிக்கொண்டார். பின்னல்காரர்கள் முதலில் பார்ப்பது உள்பக்கத்தை. சுண்டு விரலைத் திருப்பி, முடிச்சு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினார். கிடைக்கவில்லை. புருவத்தை உயர்த்தினார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒவ்வொரு கண் வழியாகவும் வெளிப்பனி தெரிந்தது.

"வேலை சுத்தம். நூல்தான் தப்பு" என்றார். பேரன் மொழிபெயர்த்தார். "உன் அம்மாவுக்குச் சொன்னாயா?"

இல்லை என்றேன்.

"பின்னுகிறவளுக்குச் சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்?"

அங்கே மணி ஒன்று. கிள்ளானில் இரவு எட்டு, சீரியல் நேரம். என்னைக் கேட்காமலே பாட்டி போனைக் கைகாட்டினார். அம்மா வீடியோவில் வந்ததும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி திரை முழுக்கத் தெரிய, அவசரமாகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார். பாட்டி அம்மாவின் கையுறையைத் தூக்கிக் காட்டிக் கட்டை விரலை உயர்த்தினார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அடுத்து அதைக் காமிராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்களுக்குள் விரலை விட்டு ஆட்டி, "உஃப்" என்று நடுங்கிக் காட்டினார்.

அம்மாவின் சிரிப்பு மெல்ல நின்றது.

"அப்போ நீ போட்டுக்கிறதா சொன்னது?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியும் பேரனும் தமிழ் புரியாமலே அமைதியானார்கள்.

"விரல் ஏதும் ஆச்சா உனக்கு?"

"இல்லம்மா. ஒரு தடவை கொஞ்சம் மரத்துப்போச்சு. அவ்வளவுதான்."

"ரெண்டு வருஷமா நானும் கோயில்ல எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்." கொஞ்ச நேரம் திரையைப் பார்க்காமல் எங்கோ பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க கையில இருக்கிறதை உள்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லு" என்றார்.

அடுத்த ஒரு மணி நேரம் எனக்கும் நண்பருக்கும் வேலையில்லை. போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. பாட்டி மெதுவாகப் பின்னிக் காட்ட, அம்மா அங்கே பேனாவை வைத்துப் பாவனை செய்தார். இரண்டு ஊசிப் பின்னல் எனக்கு வராது, குரோஷாதான் என்று ஊசியைக் கொண்டுவந்து காட்டினார். விரல் மூட்டையும் காட்டினார். பாட்டி தன் மூட்டைக் காட்டினார். யாருடையது அதிகம் வீங்கியிருக்கிறது என்பதில் சற்று நேரம் போட்டி.

கடைசியில் பாட்டியே வழி சொன்னார். நார்வே மீனவர்களின் பழைய முறை அது. கம்பளி நூலில், கைக்கு ஒன்றரை மடங்கு பெரிதாகக் கையுறை பின்னிவிட வேண்டும். பிறகு சோப்பு போட்டுச் சுடுதண்ணீரில் அலசிக் கசக்கினால் கம்பளி சுருங்கி, இழையோடு இழை பிணைந்து, கண்ணெல்லாம் அடைபட்டுத் தடித்த துணிபோல ஆகிவிடும். ஈரமானாலும் கை குளிராது. குரோஷாவில் போட்டாலும் சரி, கண் தெரியாது. விரல் விரலாகப் பின்ன வேண்டியதில்லை என்பதால் மூட்டுக்கும் சிரமம் குறைவு. ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார்: சுருங்கச் சுருங்கக் கையில் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் பொம்மைக்குத்தான் ஆகும்.

உள்ளே போய், சாம்பல் நிறக் கம்பளி நூல் நாலு கண்டு கொண்டுவந்து என் மடியில் வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "உங்கள் ஊரில் கம்பளி கிடைக்குமா?" என்று கேட்டார். கிள்ளான் இரவுச் சந்தையை நினைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

மாலை கிளம்பினோம். அவர்கள் வீட்டில் விடைபெறுவது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கண்ணீர் இல்லை, எடை மெஷின் இல்லை. ஆனால் நண்பரின் அப்பா ஒரு மணி நேரத்துக்கு முன்பே கார் இயந்திரத்தைச் சூடாக்கும் மின்கம்பியைச் சொருகிவிட்டிருந்தார். முன் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை, யாரும் கேட்காமலே, மூலை முடுக்கு விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் உருளைக்கிழங்கு, லெஃப்சே, உறைய வைத்த காட்டுமான் இறைச்சி எல்லாம் ஏறியிருந்தன. பாட்டி அடுப்பருகே காயவைத்த கையுறையைப் பேரனிடம் சூடாகக் கொடுத்து, "கவனமாக ஓட்டு" என்றார். அவ்வளவுதான். கார் திரும்பும்வரை மூவரும் வாசல் விளக்கடியில் நின்றார்கள்.

அன்றிரவே அம்மாவிடமிருந்து செய்தி வந்தது: கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பு. பள்ளிக்கூடத்தில் வரைந்த மாதிரி பென்சிலால் வரைந்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். உடனே பதில்: "மணிக்கட்டு இளைச்சிருக்கே. சமைச்சுச் சாப்பிடுறியா, இல்ல ரொட்டியா?"

நூல் அஞ்சலில் கிள்ளான் போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று. இந்த நூல் வியர்வையில் கடிக்கிறது என்று புகார் வந்தது. மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு பின்னுவதாகப் படமும் வந்தது. பங்குனி உத்திரத்துக்குள் இரண்டு கையும் முடிந்துவிட்டன. மாமா அவற்றை மாட்டிக்கொண்டு கரடிபோல ஆடும் காணொளி குழுவில் வலம் வந்தது. இங்கே அதற்குள் பனி உருகத் தொடங்கிவிட்டது.

அனுப்பி வையுங்கள், நானே சுடுதண்ணீரில் அலசிக்கொள்கிறேன் என்றேன்.

"அதெல்லாம் வேணாம். டிசம்பர்ல வருவதானே? கையில மாட்டிப் பார்த்துத்தான் சுருக்கணும்னு அந்தப் பாட்டி சொல்லல? சுடுதண்ணி நான் போட்டு வைக்கிறேன். நீ கையைக் கொண்டா."